இருபதுமுகப் பகடையும் தாயக்கட்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் ஞாயிறு மதியம் ஐந்து பேர் உட்கார்ந்து பகடை உருட்டுகிறோம். மூன்று பேர் கல்லூரி மாணவர்கள், ஒருவர் ஜெராக்ஸ் கடைக்காரர், ஐந்தாவது நான். விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர்கள், எதிர்வீட்டுப் பிள்ளைகள், பால் ஊற்ற வருபவர் என்று எட்டிப் பார்க்கிற எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

முதலில், இது என்ன விளையாட்டு?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பார்கள். ஒருவர் கதை சொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன் இப்படி. "பூட்டிய கதவு இருக்கிறது, என்ன செய்கிறாய்?" என்று கதை சொல்லி கேட்பார். "எட்டி உதைக்கிறேன்" என்று நீங்கள் சொல்லலாம். கதவு உடைந்ததா இல்லையா என்பதை உங்கள் இஷ்டத்துக்கும் விடுவதில்லை, அவர் இஷ்டத்துக்கும் விடுவதில்லை. பகடை முடிவு செய்யும். பலகை கிடையாது, காய் கட்டாயமில்லை, இறுதியில் வென்றவர் தோற்றவர் என்றும் கிடையாது. இந்த வகையில் அதிகம் ஆடப்படுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நாங்களும் அதைத்தான் ஆடுகிறோம். கீழே விதி என்று நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் 2014இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பைப் பற்றியது.

பையில் ஏழு பகடை இருக்கிறது. எது எது?

ஆங்கில 'டைஸ்' என்பதன் முதலெழுத்தோடு முகங்களின் எண்ணிக்கையைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். டி4 கூம்பு மாதிரி இருக்கும், நான்கு முக்கோணம். டி6 நாம் பரமபதத்தில் உருட்டும் அதே கட்டை. டி8, இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டவைத்தது போல. டி12க்கு ஒவ்வொரு முகமும் ஐங்கோணம். டி20 கிட்டத்தட்ட உருண்டை, இருபது முக்கோணம். ஆட்டத்தில் அதிகம் கையில் இருப்பது இதுதான். மீதி இரண்டும் டி10. ஒன்றில் 0 முதல் 9 வரை, இன்னொன்றில் 00, 10, 20 என்று 90 வரை.

புதிதாக வருகிறவர்கள் குழம்புவது டி8க்கும் டி10க்கும் நடுவில்தான். முகத்தைப் பாருங்கள். டி8இல் முக்கோணம், டி10இல் பட்டம் மாதிரி நான்கு பக்கம். டி12ஐயும் டி20ஐயும் அவசரத்தில் மாற்றி எடுப்பவர்களும் உண்டு. எங்கள் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருநாள் அரைமணி நேரம் டி12ஐ டி20 என்று நினைத்து உருட்டிக்கொண்டு "இன்னைக்கு ராசியே இல்லை" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

ஏன் இந்த வடிவங்கள் மட்டும்? ஏழு முகம், ஒன்பது முகம் இல்லையா?

நல்ல கேள்வி. பகடை நியாயமாக விழ வேண்டுமானால் எந்த முகத்துக்கும் சலுகை இருக்கக் கூடாது. எல்லா முகமும் ஒரே வடிவம், ஒரே அளவு, எந்த முகத்திலிருந்து பார்த்தாலும் பகடை ஒரே மாதிரித் தெரிய வேண்டும். இதோடு, முகங்கள் எல்லாப் பக்கமும் கோணமும் சமமான பலகோணமாகவும், ஒவ்வொரு முனையிலும் அதே எண்ணிக்கையில் கூடுவதாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டால், உலகத்தில் ஐந்தே வடிவம்தான் தேறும்: நான்முகி, கனசதுரம், எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி. ஆறாவது கிடையாது என்பதை யூக்ளிட் தன் 'எலிமென்ட்ஸ்' நூலின் பதின்மூன்றாம் பாகத்தில் நிறுவிவிட்டார். பையில் இருக்கும் டி4, டி6, டி8, டி12, டி20 அந்த ஐந்துதான்.

டி10 அந்தக் குடும்பம் இல்லை. அதன் முகம் எல்லாப் பக்கமும் சமமான பலகோணம் அல்ல. ஆனாலும் பத்து முகமும் ஒன்றுக்கொன்று சமம் என்பதால் நியாயமாகவே விழும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் இப்படி எல்லா முகமும் சமமாக அமையும் வடிவம் கிடையாது. டி7, டி5 என்று விற்பவை இருக்கின்றன; அவை பட்டகம் போன்ற வடிவத்தை இழுத்துச் சுருக்கிச் சமாளித்துச் செய்தவை. டி3 வேண்டுமென்றால் டி6ஐ உருட்டிப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்: 1, 2 வந்தால் ஒன்று, 3, 4 வந்தால் இரண்டு, 5, 6 வந்தால் மூன்று. தனிப் பகடை வாங்குவது தண்டச் செலவு.

நூறு முகம் உள்ள ஒரே உருண்டையும் உண்டு. லூ ஸோக்கி என்ற அமெரிக்கர் 1985இல் கொண்டுவந்தார். கோல்ஃப் பந்து போல இருக்கும், உருட்டினால் நிற்கவே நிற்காது. வேடிக்கைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பா?

இந்த விளையாட்டு அமெரிக்காவில் தோன்றியது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி 1974இல் வெளியிட்டார்கள். பகடைகளை அவர்கள் செய்யவில்லை. பள்ளிக்கூடங்களுக்குக் கற்பித்தல் சாமான் விற்கும் ஒரு கம்பெனியின் விலைப்பட்டியலில் இந்த ஐந்து வடிவங்களும் பகடையாக இருந்தன, அங்கிருந்து வாங்கியதுதான். கணக்கு வாத்தியார் வகுப்பில் காட்ட வேண்டியது அரக்கனோடு சண்டை போடப் போய்விட்டது.

ஆரம்பகால டி20இல் 1 முதல் 20 வரை இருக்காது, 0 முதல் 9 வரை இரண்டு தடவை இருக்கும். பாதி எண்களுக்கு ஒரு வண்ணமும் மீதிக்கு வேறு வண்ணமும் பூசி, இந்த வண்ணம் வந்தால் பத்தைக் கூட்டிக்கொள் என்று ஆடினார்கள். வண்ணம் பூசியதும் மெழுகு க்ரேயானால். குழியில் தேய்த்து மேலே துடைத்துவிடுவது. அப்போதைய பிளாஸ்டிக் மிருதுவானது, ஆட ஆட விளிம்பெல்லாம் மழுங்கிப் புளியங்கொட்டை மாதிரி ஆகிவிடும். டி10 என்ற தனி வடிவம் பரவியது 1980 வாக்கில்தான்.

ஆனால் இருபதுமுகப் பகடை என்ற பொருள் மிகப் பழையது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் எகிப்திலிருந்து வந்த கல் பகடை ஒன்று இருக்கிறது. இருபது முகத்திலும் கிரேக்க எழுத்து. வயது ஆயிரத்தைந்நூறு வருடத்துக்குக் குறையாது. பகடையில் நாமும் இளைத்தவர்கள் இல்லை. கீழடியில் தந்தத்தில் செய்த பகடை கிடைத்திருக்கிறது, அதுவும் நம் சிவகங்கை மாவட்டம்தான்.

டி4இல் மேலே முகமே இல்லையே, எதைப் படிப்பது?

கூம்பு உட்கார்ந்தால் மேலே முனைதான் இருக்கும், முகம் தரையில் படிந்துவிடும். அதனால் ஒவ்வொரு முகத்திலும் மூன்று எண் அச்சடித்திருக்கும். எந்த எண் நேராக நிற்கிறதோ அதுதான் விழுந்தது. சில பகடைகளில் அது உச்சியை ஒட்டி இருக்கும், சிலவற்றில் அடி விளிம்பை ஒட்டி. எப்படியிருந்தாலும் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நேராகத் தெரிவது ஒரே எண்ணாகத்தான் இருக்கும்.

இந்த டி4 எனக்குப் பிடிக்காது. உருளாது, பொத்தென்று விழும். செருப்பில்லாமல் நடக்கும் வீட்டில் இது ஒன்று தரையில் கிடந்தால் நெருஞ்சி முள் தேவலாம். இதற்கு எங்களிடம் ஒரு மாற்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

6க்கும் 9க்கும் என்ன வித்தியாசம்?

அடியில் ஒரு கோடோ புள்ளியோ இருக்கும். நாங்கள் முதலில் ஆன்லைனில் வாங்கிய ஒரு மலிவு செட்டில் அது இல்லை. டி10இல் ஆறா ஒன்பதா என்று ஒரு மாதம் சண்டை. கடைசியில் ஆணி முனையால் நானே கோடு கீறிவிட்டேன்.

இரண்டு டி10ஐச் சேர்த்து ஏன் உருட்டுகிறார்கள்?

நூற்றுக்கு எத்தனை என்று பார்க்க. பத்துகள் உள்ள பகடையில் 70, மற்றதில் 3 என்றால் 73. 00வும் 5ம் வந்தால் வெறும் 5. 00வும் 0வும் வந்தால் பூஜ்யம் இல்லை, 100. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1981இல் வந்த கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் விளையாட்டு முழுவதும் இதை வைத்தே ஓடுகிறது. அதில் உங்கள் திறமை 60 என்றால் 60க்குள் விழ வேண்டும். சின்ன எண்தான் நல்ல எண்.

2டி6+3 என்று எழுதியிருக்கிறதே?

முன்னால் இருப்பது எத்தனை பகடை, நடுவில் எந்தப் பகடை, கடைசியில் கூட்ட வேண்டியது. இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டு, கூட்டு, மூன்றைச் சேர். 5ம் 2ம் வந்தால் பத்து. முன்னால் எண் இல்லாவிட்டால் ஒன்று என்று அர்த்தம். 8டி6 என்றால் எட்டுப் பகடை. நெருப்புக்கோள மந்திரம் போடுகிறவருக்கு அது. அவர் உருட்டும்போது காப்பித் தம்ளர்களை நகர்த்தி வைத்துவிடுங்கள்.

சராசரி வேண்டுமானால் மனக்கணக்கு சுலபம்: முகங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கு. டி6க்கு 3.5, டி20க்கு 10.5. இரண்டு டி6 என்றால் 7.

தாயத்தில் ஒன்று விழுந்தால் கொண்டாட்டம். இங்கே ஏன் முகம் சுருங்குகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டது என் அப்பத்தா. தூணோரம் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர், டி20இல் ஒன்று விழுந்ததைப் பார்த்துவிட்டு, "தாயம்ல விழுந்திருக்கு, மூஞ்சிய ஏன் தொங்கப் போடுறீக?" என்றார்.

டி20இல் உருட்டும்போது பெரிய எண் வேண்டும். கதவை உடைக்கும் கஷ்டம் 13 என்று கதை சொல்லி மனதில் வைத்திருப்பார். நீங்கள் உருட்டி, உங்கள் பாத்திரத்தின் பலத்துக்குரிய எண்ணைக் கூட்டி, 13 அல்லது அதற்கு மேல் வந்தால் கதவு உடையும். பலம் +5 என்றால் பகடையில் 8 முதல் 20 வரை எது விழுந்தாலும் போதும். இருபதில் பதின்மூன்று, அதாவது 65 சதவீதம். சண்டையில் அடிக்கும்போது பகடையிலேயே 20 விழுந்தால் எதிரி யாராக இருந்தாலும் அடி படும், சேதப் பகடையும் (அடி எவ்வளவு பலமானது என்று பார்க்க உருட்டுவது) இரட்டிப்பு. 1 விழுந்தால் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் தவறிவிடும்.

தாயத்தில் நடப்பது வேறு. அங்கே ஒன்று என்பது எண்ணிக்கை இல்லை, திறவுகோல். ஒன்று விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காது. நான்கு கட்டம் நகர நான்கு விழ வேண்டும், உள்ளே வர தாயம் விழ வேண்டும். இப்படிச் சொன்னதும் அப்பத்தா கேட்ட அடுத்த கேள்விதான் எங்களை யோசிக்க வைத்தது: "தாயம் எங்களுக்கு லேசுல விழுகாது. ஒங்களுக்கு இருபது எம்புட்டு லேசுல விழுகுது?"

அதற்குப் பதில் அடுத்ததில்.

எது சுலபமாக விழும்? இந்தக் கணக்கை யாராவது புரியும்படி சொல்லுங்களேன்.

தாயக்கட்டையிலிருந்தே தொடங்கலாம். பித்தளையில் நீளமாக, நான்கு பக்கம் உள்ள இரண்டு கட்டைகள். ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று, ஒரு பக்கம் வெறுமை. அதாவது 0 முதல் 3 வரை எண்ணிட்ட இரண்டு டி4. உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து உருட்டிவிடுகிறோம்.

முதல் கட்டை நான்கு விதமாக விழலாம், இரண்டாவதும் நான்கு விதம். மொத்தம் பதினாறு. இதில் கூட்டுத்தொகை ஒன்று வர, ஒரு கட்டையில் வெறுமையும் மற்றதில் ஒன்றும் விழ வேண்டும். இரண்டே வழி. ஆக, தாயம் விழ 16இல் 2. எட்டுக்கு ஒன்று. மூன்று விழ நான்கு வழி இருக்கிறது: வெறுமையும் மூன்றும் இரண்டு விதத்தில், ஒன்றும் இரண்டும் இரண்டு விதத்தில். இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழி, ஐந்துக்கு இரண்டு. ஆறுக்கு ஒரே வழி, இரண்டிலும் மூன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்று எண்ணுகிறோமே, அதற்கும் ஒரே வழி. மறு ஆட்டம் கிடைக்கும் 1, 5, 6, 12 ஆகியவற்றை எல்லாம் கூட்டினால் 16இல் 6. எதெது அரிதோ அதற்கெல்லாம் மறு ஆட்டம் கொடுத்திருக்கிறார்கள். இந்த விதியை எழுதியவர் யாரென்று தெரியாது, ஆனால் கட்டையை நிறைய உருட்டிப் பார்த்த ஆள்.

பத்துத் தடவை எறிந்தும் தாயம் விழாமல் வெளியே உட்கார்ந்திருக்க வாய்ப்பு 26 சதவீதம். நான்கு பேர் ஆடினால் ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

டி20க்கு வாருங்கள். ஒரே பகடை, இருபது முகம், எல்லாவற்றுக்கும் ஒரே வழி. 20 விழ இருபதில் ஒன்று, அதாவது 5 சதவீதம். 11 விழவும் அதே 5 சதவீதம்தான். அப்பத்தாவிடம் "தாயத்தைவிட இரண்டரை மடங்கு கஷ்டம்" என்றேன். அதன் பிறகு 20 விழும்போதெல்லாம் அவரும் கை தட்டினார்.

ஒற்றைப் பகடைக்கும் பல பகடைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒன்றை மட்டும் உருட்டினால் வாய்ப்பு வரப்பில்லாத வயல் மாதிரி ஒரே மட்டமாக இருக்கும். இரண்டைக் கூட்டினால் நடுவில் மேடு விழும், ஓரங்கள் சரியும். மூன்று டி6ஐக் கூட்டினால் 10ம் 11ம் தலா 12.5 சதவீதம் விழும். 18 விழுவது 216இல் ஒரு தடவை.

அப்படியானால் டி12 நல்லதா, 2டி6 நல்லதா?

எங்கள் கூட்டத்தில் மாதம் ஒருமுறை வரும் தகராறு. பெருங்கோடரிக்கு டி12, பெருவாளுக்கு 2டி6 சேதம். இரண்டிலும் அதிகபட்சம் 12. சராசரியில் வாள் அரைப் புள்ளி முன்னே, 7க்கு 6.5. ஆனால் முழுசாக 12 விழும் வாய்ப்பு கோடரிக்குப் பன்னிரண்டில் ஒன்று, வாளுக்கு முப்பத்தாறில் ஒன்றுதான். குறைந்தது 5 வேண்டும் என்றால் வாள் 83 சதவீதம் தரும், கோடரி 67. குறைந்தது 10 வேண்டும் என்றால் கோடரி 25, வாள் 16 சொச்சம்.

எதிரி அரை உயிரில் இருக்கிறான், சாதாரண அடி போதும் என்றால் வாள். ஒரே அடியில் சாய்த்தால்தான் பிழைப்போம் என்றால் கோடரி. நான் வாள் கட்சி. இந்த வருடம் முழுக்கக் கோடரிக்காரன்தான் எங்களைக் காப்பாற்றினான், அது வேறு விஷயம்.

அட்வான்டேஜ் என்று இரண்டு டி20 உருட்டுகிறார்களே?

சாதகமான நிலையில் இருந்தால் இரண்டு டி20ஐ உருட்டிப் பெரியதை எடுக்கலாம். பாதகமாக இருந்தால் சிறியதை எடுக்க வேண்டும். கூட்டுவதில்லை, கவனம். 11 அல்லது மேலே வேண்டுமென்றால் 50 சதவீதம் 75 ஆகிறது. 20ஏ வேண்டுமென்றால் 5 சதவீதம் 9.75 ஆகிறது. நடு எண்களில்தான் இதன் பலன் கொழிக்கும். மற்றபடி சராசரி 10.5லிருந்து 13.8 சொச்சத்துக்குப் போகும்.

என் பகடை எனக்கு எதிராகவே விழுகிறது. கோளாறா?

பெரும்பாலும் இல்லை. கெட்டதுதான் ஞாபகத்தில் நிற்கும். இருபது தடவை உருட்டியும் ஒரு 20 கூட விழாமல் போக 36 சதவீத வாய்ப்பு இருக்கிறது, அதாவது மூன்றில் ஒரு ஞாயிறு அப்படித்தான் கழியும்.

ஆனாலும் கோளாறான பகடைகள் உண்டு. உள்ளே காற்றுக்குமிழி, ஒரு முகம் தேய்ந்தது, மெருகேற்ற மற்றப் பகடைகளோடு சேர்த்து உருட்டும்போது விளிம்புகள் சமமில்லாமல் மழுங்கியது. நூறு முகப் பகடை செய்த அதே ஸோக்கி, மெருகேற்றாத கூர் விளிம்புப் பகடைகளையே விற்றார். மழுங்கிய பகடை நியாயமாக விழாது என்று மேடை போட்டு வாதாடுவார்.

வீட்டில் சோதிக்க உப்புத்தண்ணீர் வழி ஒன்று இருக்கிறது. தம்ளரில் வெந்நீர் ஊற்றி, கரையக் கரைய உப்பைப் போட்டுக்கொண்டே இருங்கள். பகடை மிதக்கும் பதம் வந்ததும் விரலால் சுண்டிவிடுங்கள். எத்தனை தடவை சுண்டினாலும் அதே எண் மேலே வந்தால் எதிர்ப்பக்கம் கனம். சில பகடைகள் எவ்வளவு உப்பு போட்டாலும் மூழ்கியே கிடக்கும். உலோகப் பகடை பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்புறம் இந்தச் சோதனை நுணுக்கமான கனத்தையும் பெரிதாகக் காட்டும், தண்ணீரில் தெரிவதெல்லாம் தரையில் தெரியாது.

உருட்டி எண்ணுவதுதான் நிஜமான சோதனை. டி20ஐ நூறு தடவை உருட்டி எழுதினால் ஒவ்வொரு எண்ணும் ஐந்து தடவை வர வேண்டும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் ஒன்று இரண்டு தடவையும் இன்னொன்று ஒன்பது தடவையும் வந்தால் பதற வேண்டாம், நல்ல பகடையும் அப்படித்தான் விழும். நூறில் ஏதாவது ஓர் எண் தலைகாட்டாமலே போகவும் ஒன்பதுக்கு ஒன்று என்ற அளவில் வாய்ப்பு உண்டு. நூறு போதாது, ஐந்நூறாவது வேண்டும். எங்கள் கல்லூரிப் பையன் ஒருவன் செமஸ்டர் விடுமுறையில் ஐந்நூறு உருட்டிக் கை-வர்க்கச் சோதனை (chi-square; விழுந்த எண்ணிக்கை எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) போட்டான். பகடை சுத்தம் என்று முடிவு வந்ததில் அவனுக்குத்தான் வருத்தம். தோற்றதற்குச் சொல்ல ஒரு காரணம் குறைந்துவிட்டது.

எதிர் முகங்களைக் கூட்டினால் ஒரே எண் வருகிறதே?

ஆமாம். டி6இல் 7, டி8இல் 9, டி12இல் 13, டி20இல் 21. பெரிய எண்கள் ஒரே பக்கம் குவிந்துவிடாமல் இருக்கப் பழைய ஏற்பாடு.

இதில் ஓர் எச்சரிக்கை. 'மேஜிக்: தி கேதரிங்' என்ற சீட்டாட்டத்தோடு வரும் டி20இல் 20, 19, 18 எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக இருக்கும். உயிர்ப்புள்ளியைத் திருப்பித் திருப்பிக் குறைத்துக் காட்டுவதற்காகச் செய்தது அது. கனம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும், கைவாகாகத் தூக்கிப் போடத் தெரிந்தவர் கையில் கிடைத்தாலும், பெரிய எண்களாகவே கொட்டும். அதை உருட்ட விடாதீர்கள்.

வீட்டில் இருக்கும் தாயக்கட்டையை வைத்து ஆட முடியுமா?

முடியும், மேலே சொன்ன மாற்று இதுதான். ஒரு தாயக்கட்டையை எடுத்து, வெற்றுப் பக்கத்தை நான்கு என்று வைத்துக்கொண்டால் அருமையான டி4. உருளும், கேட்கச் சுகமாக ஒலிக்கும், காலில் குத்தாது, மேல் பக்கமே விடை. எங்கள் மந்திரவாதி குத்துவாளை உருவினால் அப்பத்தாவின் கட்டைதான் உருளும்.

வாங்குவதென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் தேடுங்கள். வாங்கும்முன் குறுக்குவெட்டு சதுரமாக இருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பாருங்கள். கையால் செய்தது பல கட்டைகள், சில செவ்வகமாகத் தட்டையாக இருக்கும். தட்டையானது அகலப் பக்கத்திலேயே அதிகம் படுக்கும். பழசு என்பதற்காக நியாயமானது ஆகிவிடாது.

பரமபதக் கட்டை டி6க்கு ஆகும். சோழியைக் குலுக்கிப் போட்டால் வாய் மேலா கீழா என்று இரண்டே விடை வரும். ஆனால் சோழி நாணயம் மாதிரி சரிபாதி விழாது, அதன் முதுகு வளைவுக்குத் தக்கபடிதான் விழும். பொழுதுபோக்குக்குச் சரி, டி2க்குப் பதிலாக நம்ப வேண்டாம்.

எதில் உருட்டுவது?

ஆத்தங்குடித் தரை பார்க்க அழகு, பகடைக்குச் சத்துரு. கண்ணாடிமேல் வார்த்த வழவழப்பு. டி20 முகப்பு வரை ஓடும். உலோகப் பகடையை எறிந்தால் தரையில் சில்லு பெயரும். ஒரு தடவை பெயர்ந்தது, வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. மங்குச் சட்டியில் உருட்டிப் பார்த்தோம், சத்தத்தில் இரண்டாங்கட்டிலிருந்து ஆள் எழுந்து வந்தார்கள்.

சரியாக அமைந்தது பனையோலைக் கொட்டான். பணியாரம் வைத்துக் கொடுக்கும் அகலமான கொட்டானில் ஒரு துண்டுத் துணி விரித்தால் போதும். பகடை துள்ளும், வெளியே போகாது, ஆட்டம் முடிந்ததும் அதிலேயே மூடி வைக்கலாம். மணகோலம் தின்ற கையோடு பகடையைத் தொடக் கூடாது என்று ஒரு விதி போட்டிருக்கிறோம். யாரும் கடைப்பிடிப்பதில்லை.

முதல் செட் எப்படிப்பட்டதாக வாங்க வேண்டும்?

சாதாரண பிளாஸ்டிக், ஒரே நிறம், எண்கள் பளிச்சென்று தெரிய வேண்டும். கருநீலத்தில் தங்க எழுத்து மின்னும் செட் படத்தில் நன்றாக இருக்கும். மாலை ஆறு மணிக்கு வளவு வெளிச்சத்தில் ஒரு எண்ணும் தெரியாது. ஆளுக்கொரு நிறம் வாங்கினால் யாருடையது என்ற சண்டை வராது. ஐந்து பேருக்கு இரண்டு செட்டே போதும், ஆனால் இரண்டோடு நிறுத்தியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

மொபைலில் உருட்டினால் ஆகாதா?

ஆகும். கணக்கும் அதுவே போட்டுவிடும். எங்களில் ஒருவன் மதுரைக்கு வேலைக்குப் போனபோது வீடியோ காலில் அப்படித்தான் ஆடினான். ஆனால் அவன் 20 போட்டபோது இங்கே யாரும் கத்தவில்லை. அடுத்த வாரம் பஸ் ஏறி வந்துவிட்டான்.

பகடை என்றாலே சூது அல்லவா? சகுனி கதை தெரியாதா?

பெரியவர்கள் கேட்பது. பணம் வைப்பதில்லை, எல்லோரும் ஒரே கட்சி, எதிரி கதைக்குள் இருக்கிறான். யாரும் எதையும் இழப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமையைத் தவிர.

பகடை எதன்மேலாவது சாய்ந்து நின்றாலோ கீழே விழுந்தாலோ?

சாய்ந்து நின்றால் செல்லாது, மறுபடி உருட்ட வேண்டும். கொட்டானுக்கு வெளியே போனாலும் செல்லாது, எண் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். முன்பு "விழுந்த இடத்தில் விழுந்ததுதான்" என்று ஆடிக்கொண்டிருந்தோம். ஒரு மழை நாளில் டி20 ஓடி முற்றத்துத் தண்ணீரில் விழுந்து, வடிகால் வாயில் 20ஐக் காட்டிக்கொண்டு ஒரு நொடி நின்றது. எல்லோரும் பார்த்தோம். எட்டிப் பிடிப்பதற்குள் உள்ளே போய்விட்டது. செல்லுமா செல்லாதா என்று இன்னும் முடிவாகவில்லை. விதியை மட்டும் அன்றே மாற்றிவிட்டோம்.